கண்காட்சி ஹோல்ல பேய் வீட்டு ஸ்டால்: புகை மெசினையும் சத்தத்தையும் எப்பிடிச் சமாளிக்கிறது?

வெள்ளவத்தை_பெடியன்:
வணக்கம். நாங்க மூண்டு பேர் சேந்து பேய் வீடு செட் அடிச்சு வாடகைக்குக் குடுக்கிறம், வெசாக் நேரம் சனம் லைன்ல நிண்டு பாக்கிற ஹொல்மன் கெதர (சிங்களத்தில பேய் வீடு) மாதிரித்தான், ஆனா பார்ட்டி, ஹோட்டல், மோல் இதுகளுக்கு. போன வருசம் கொழும்பில ஒரு ஈவென்ட் கண்காட்சியில 3க்கு 6 மீட்டர் ஸ்டால் எடுத்தம். முதல் நாள் பின்னேரமே ஃபயர் அலாரம் அடிச்சு முழு ஹோலும் வெளிய ஓடினது, பக்கத்து கேக் ஸ்டால் அக்கா கேக்குக்கு மேல பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு எங்களைப் பாத்த பார்வை இன்னும் மறக்கேல்ல. அடுத்த நாள் மெசினும் வேண்டாம் ஸ்பீக்கரும் வேண்டாம் எண்டுட்டாங்க, பல்லுக் கழண்ட பேய் மாதிரி மூண்டு நாள் இருந்தம். இந்த வருசமும் போகோணும். புகையும் சத்தமும் இல்லாம என்னத்தைக் காட்டுறது?

லைட்ஸ்_கொட்டாஞ்சேனை:
தம்பி, முதல்ல அலாரம் ஏன் அடிச்சதுன்னு விளங்கிக்கங்க. மெசின் கிளைகோலும் தண்ணியும் கலந்த திரவத்த சூடாக்கி ஊதுது, வெளிய வந்ததும் குளிர்ந்து சின்னத் துளியாகுது. சீலிங்ல இருக்கிற ஸ்மோக் டிடெக்டர் அனேகமா வெளிச்சம் சிதறுறத வச்சுத்தான் புகைன்னு கண்டுபிடிக்கும், அதுக்கு உங்க துளியும் ஒண்டுதான் நெருப்புப் புகையும் ஒண்டுதான். சூட்டுக்கு அடிக்கிற டிடெக்டர்னா பிரச்சினை இல்ல. அதனால புக் பண்ண முந்தியே மேல என்ன டிடெக்டர், ஏசி எந்தப் பக்கம் ஊதுதுன்னு கேட்டு எழுத்தில வாங்குங்க. அந்த ஏரியாவ மட்டும் ஆஃப் பண்ணித் தர சில இடத்தில சம்மதிப்பாங்க, ஆனா அத ஹோல் ஆக்கள்தான் செய்யணும், நீங்க ஏணி வச்சு டிடெக்டருக்கு பொலித்தீன் பை கட்டுற வேலைக்குப் போகவே கூடாது (கட்டினவங்கள பாத்திருக்கேன்).

அப்புறம் புகை குறைச்சல்னா எடுபடாதுன்னு நினைக்காதீங்க. நீல எல்இடி ஒண்ட புகைக்குப் பின்னால வச்சு பாக்கிறவர் பக்கம் திருப்புங்க, டைமர்ல ரெண்டு செக்கன் விட்டாலே நிறைய இருக்கிற மாதிரித் தெரியும். முன்னால இருந்து வெள்ளை லைட் அடிச்சா எவ்வளவு விட்டாலும் வெறும் பால் மாதிரித்தான். மெசின் வாய்க்கு முன்னால டைல்ஸ்ல எண்ணெய் மாதிரிப் படியும், ஆள் வழுக்கும், கால்மிதி ஒண்டு போடுங்க. கூரைக்கு கறுப்புத் துணி கட்ட ஆசை வரும், மேல ஸ்பிரிங்க்ளர் (நெருப்புக்குத் தண்ணி தெளிக்கிற குழாய்) இருந்தா துணி மறைக்கும்னு விடமாட்டாங்க, விடாததும் நியாயம்தான்.

பேக்கிங்_மலர்:
நான் அந்த அக்கா இல்ல 😄 ஆனா ஒருக்கா டிஜே ஸ்டாலுக்குப் பக்கத்தில மாட்டுப்பட்டனான். சத்தம் கூட எண்டதை விட ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வாறதுதான் விசர். ஒரு பொம்பிளை கத்துற சத்தம் நாள் முழுக்க நிமிசத்துக்கு ஒருக்கா காதுக்க வந்தா நான் எப்பிடி கஸ்டமரிட்ட விலை கதைக்கிறது? புகையும் அப்பிடித்தான், எனக்கு இழுப்பு இருக்கு, வாசல்ல ஒரு போர்ட் வச்சா நாங்க ஒதுங்கியாவது போவம். மூண்டு பாசையிலும் எழுதுங்கோ.

தெமட்டகொட_சவுண்ட்:
மலர் சொல்றது சரி. மச்சான் லூப் போடாத, சென்சர் வை, ஆள் வந்தா மட்டும் அடிக்கட்டும், அஞ்சு செக்கன் போதும். பெரிய ஸ்பீக்கர் ஒண்டுக்குப் பதிலா பேய்க்குப் பக்கத்தில, காது உயரத்துக்கு சின்ன ஸ்பீக்கர் ரெண்டு. திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், ஹோலுக்குள்ள எதிரொலிக்கிறதால அவ்வளவு குறையாது, அதனால கிட்ட வச்சு மெதுவா போடுறதுதான் புத்தி. கறுப்புத் துணி சத்தத்த மறைக்கும்ண்டு நினைக்காத, அது கண்ணத்தான் மறைக்கும். பேஸ், அதான் அந்த டும் டும் அடிச் சத்தம், துணி, பலகை எல்லாத்துக்குள்ளாலயும் போகும், அதுக்கான சப் வூஃபர் ஸ்பீக்கர வீட்டிலயே விட்டுட்டு வா. உன்ட பொடியன்மார்ட காதையும் பாரு, 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்ண்டுதான் நியோஷ்ட (வேலை செய்யிறவங்கட பாதுகாப்ப ஆராயிற அமெரிக்க அரச நிறுவனம்) கணக்கு, ஒவ்வொரு 3 கூடக்கூட நேரம் பாதியாகும், 94ல ஒரு மணித்தியாலம்தான். ஐஃபோன் இருந்தா சத்தம் அளக்க அவங்கட ஆப்பே ஃப்ரீயா இருக்கு.

இன்னொண்டு, கோவிக்காத. நீ அங்க பேய் காட்டப் போகல்ல, பேய் விக்கப் போற. வாறவன் ஹோட்டல் மெனேஜர், அவனுக்கு நிண்டு கதைக்க ஏலாட்டி ஓடர் எங்கால?

வெள்ளவத்தை_பெடியன்:
கடைசி வரி குத்திட்டுது 😅 உண்மைதான், போன முறை விசிட்டிங் கார்ட் குடுக்கிறதுக்கே கத்தினனாங்கள். பின்னால ஒரு மூலைய மறைச்சு டெமோ அங்க மட்டும், முன்னுக்கு மேசையும் நல்ல லைட்டும் எண்டு மாத்துவம். ட்ரை ஐஸ் எப்பிடி? அது நிலத்தோடதானே நிக்கும், அலாரம் அடிக்காதே?

லைட்ஸ்_கொட்டாஞ்சேனை:
மூடின மூலையில ட்ரை ஐஸ் வேண்டாம் தம்பி. அது மைனஸ் 78 பாகை, வெறுங்கையால தொட்டா தோல் போயிரும். அது உறைஞ்ச கார்பன் டைஒக்சைட், தண்ணியாகாம அப்பிடியே வாயுவா மாறும், காத்த விடப் பாரம், கீழதான் தேங்கும், பேய் பார்க்க வாற சின்னப் பிள்ளைட மூக்கும் அந்த உயரத்திலதான் இருக்கு. வேன்லயும் ஜன்னல மூடிட்டுக் கொண்டு போகக் கூடாது. தாழ்வான புகை வேணும்னா மெசின் புகைய ஐஸ் போட்ட பெட்டிக்குள்ளால விடுங்க. அதுவும் சூடானா மேல ஏறும், அதனால அதையும் கொஞ்சமா.

டிடெக்டர ஆஃப் பண்ணித் தந்தாங்கன்னா ஒரு ஆள் வேற வேலை இல்லாம எக்ஸ்டிங்குயிஷரோட (நெருப்பு அணைக்கிற சிலிண்டர்) நிக்கணும். 1984ல நியூ ஜெர்சியில ஹோண்டட் காசில்னு ஒரு பேய் வீடு எரிஞ்சு 8 இளம் பிள்ளைகள் செத்தாங்க. இருட்டும் புகையும் நீங்களே செஞ்சு வச்ச இடத்தில நிஜ நெருப்ப யாருக்கும் உடனே தெரியாது. அந்த ஆளுக்கு மெயின் ஸ்விட்ச் எங்க, ஃபயர் பிரிகேட் நம்பர் 110க்கு யார் கோல் எடுக்கிறதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

வெள்ளவத்தை_பெடியன்:
சரி அண்ணா, அதுக்கு என்ர தம்பியைப் போடுறன், அவன் எப்பிடியும் பேய்க்குப் பயத்தில உள்ள வாறேல்ல. மலர் அக்கா, இந்த முறை பக்கத்து ஸ்டால் ஆருக்கு எண்டு கேட்டு முதலே போய்க் கதைப்பம்.

பேக்கிங்_மலர்:
கதைக்கப் போகேக்க பேய் உடுப்போட போயிடாதேங்கோ.