மே 18 ஜெபத்துக்குப் பிறகு எங்கள் சபை இரண்டாக நிற்கிறது, என்ன செய்யலாம்?

தேத்தண்ணி மேசை எழுதியது:

கொழும்பில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை எங்களுடையது, பெயர் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுப்பது பன்னிரண்டு வருடமாக என் பொறுப்பு.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18, 2025இல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு அக்கா, யுத்தத்தின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று ஜெபிக்கலாமா என்று போதகரிடம் முதல் வாரமே கேட்டிருந்தார். அவருடைய தம்பி 2009இல் அங்கேதான் காணாமல் போனார். சபைச் செயலாளர் அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. "இது கொழும்பு. நாளைக்கு யாராவது வந்து விசாரித்தால் யார் பதில் சொல்வது? ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம்" என்றார். 83 கலவரத்தில் வீட்டை எரியக் கொடுத்தவர் அவர். அவருடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். போதகர் "யுத்தத்தில் மரித்த எல்லோருக்காகவும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்குமே மனம் ஆறவில்லை.

2024 ஜனாதிபதித் தேர்தலிலேயே உரசல் இருந்தது. அக்கா தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குக்குப் போட்டார். செயலாளரின் மகன் அநுரவின் திசைகாட்டிக்காக வீடு வீடாகப் போனான். சஜித்தின் டெலிபோன்காரர்களும் இருந்தார்கள். அதையெல்லாம் எப்படியோ சமாளித்தோம். இது முடியவில்லை.

முன்பெல்லாம் மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள். இப்போது பாதிப் பேர் ஜன்னலோரம், பாதிப் பேர் பியானோப் பக்கம். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் இரண்டு பக்கமும் நடக்கிறேன். அக்கா தேத்தண்ணி எடுப்பதே இல்லை. சென்ற மாதத் திருவிருந்தில் செயலாளர் முழங்காலில் நின்ற வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்று, அடுத்த வரிசைக்குத்தான் போனார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கொட்டாஞ்சேனை ஐயா:

தங்கச்சி, 83 ஜூலையில் எனக்கு 19 வயது. எங்கள் குடும்பத்தை இரண்டு நாள் வீட்டில் ஒளித்து வைத்து, பிறகு வான் வண்டியில் ஏற்றி அகதி முகாமில் விட்டவர்கள் எங்கள் ஆலயத்தின் சிங்கள ஆராதனைக்கு வருகிற குடும்பம். அந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கு ஆகாத கட்சி. அப்பா சாகும்வரை ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த வீட்டுக்குக் கேக் கொண்டு போனார், அரசியலும் பேசிச் சண்டை பிடித்தார்.

உங்கள் செயலாளரின் பயத்தைச் சின்னதாக எண்ண வேண்டாம். ஆனால் இதைக் குழுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். தோற்ற பக்கம் சபையை விட்டே போய்விடும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. அதற்குள்ளும் உடைந்தால் என்ன மிஞ்சும்?

தெஹிவளைத் தம்பி:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் "அரசியல் வேண்டாம்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு ஏப்ரல் 21ஆம் திகதியும் காலை 8.45க்கு மௌனமாக நிற்கிறோம். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என்று குண்டு வெடித்த ஆலயங்களைப் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம், நீதியும் கேட்கிறோம். அது ஜெபம் என்றால் அந்த அக்கா கேட்டதும் ஜெபம்தான். ஒற்றுமைக்காக வாயை மூடு என்று எப்போதும் அழுகிறவரிடம்தான் சொல்கிறோம். அது எனக்கு வலிக்கிறது.

உபதேசி அக்கா:

இயேசுவின் பன்னிருவரில் மத்தேயு ரோம ஆட்சியின் கீழ் வரி வாங்கியவர். செலோத்தே என்னப்பட்ட சீமோனும் அதே பந்தியில் இருந்தார். அந்தப் பட்டப்பெயரே மதவைராக்கியத்தைச் சொல்வது. அவர்கள் ஒத்த கருத்துக்கு வந்தார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை.

எங்கள் சபையில் மே மாதத்தில் ஒரு ஞாயிறு வெற்று அட்டைகளை வைப்போம். இறந்த, காணாமல் போன தன் ஆளின் பெயரை யாரும் எழுதலாம். சிங்களத்தியான ஒரு மருமகள் இராணுவத்தில் இறந்த தன் அண்ணாவின் பெயரை எழுதினாள். முதல் வருடம் இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போயின. ஒன்று திரும்பி வந்தது, மற்றது இன்னும் வரவில்லை.

அப்புறம், மத்தேயு 5:23-24ஐ மெதுவாக வாசியுங்கள். உன்மேல் குறை இருப்பது சகோதரனுக்கு. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியவன் நீ. யார் பக்கம் சரி என்று அங்கே கேட்கவே இல்லை. அந்த அக்காவின் வீட்டுக்குச் செயலாளர் போகட்டும், நீங்களும் கூடப் போங்கள்.

தேத்தண்ணி மேசை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று செயலாளர் அண்ணாவுக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். முதலில் "நான் என்ன பிழை செய்தேன்?" என்றுதான் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பியின் பெயர் என்ன?" என்றார். எட்டு வருடமாக ஒரே பாடகர் குழுவில் பாடுகிறார்கள். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். தம்பி, ஜெபம் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு உடன்பாடுதான், ஆனால் அதைச் சனிக்கிழமை எடுக்க மாட்டேன். உபதேசி அக்கா, அந்த அட்டைகளை எங்கே வைத்தீர்கள், திருவிருந்து மேசையிலா, வாசலிலா? அதை மட்டும் எழுதுங்கள்.