ஜாக்கியில் 'பின்' இருக்க வேண்டிய இடத்தில் கம்பித் துண்டு: உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

தளம்போட்டவன்

முதல் மாடித் தளம், காலை பத்தரை மணி. மேலே கலவை கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். முட்டுகளை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கீழே இறங்கினேன். நடு அறையில் ஒரு ஜாக்கியில், அதாவது ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு குழாய் கொண்ட இரும்பு முட்டில், உள்குழாய் இறங்காமல் நிறுத்துகிற 'பின்' என்ற இரும்பு முளை இல்லை. ஓட்டையில் 8 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். அது வில் மாதிரி வளைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்குழாய் ஒரு நூல் கீழே இறங்கியது. சத்தம்கூட வரவில்லை.

5 அங்குலத் தளத்தில் ஈரக் கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். மேலே நிற்கிற ஆள், தள்ளுவண்டி எல்லாம் தனி. 12 மி.மீ. பின் தாங்க வேண்டியதை, வெட்டுப் பரப்பில் அதில் பாதிகூட வராத கம்பி தாங்கிக்கொண்டிருந்தது.

கத்தி வேலையை நிறுத்தினேன். மேஸ்திரி பக்கத்தில் ஒரு சவுக்குக் கட்டையை நிறுத்தி ஆப்பு அடித்து ஏற்றினார். தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது.

உறுத்துவது வேறு. முந்தின நாள் சாயங்காலமே அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டேன். "கடையில பின் தரல சார், காலையில மாத்திடுறோம்" என்றார் முட்டும் பலகையும் அடிக்கிற சென்ட்ரிங்காரர். சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வாடகைக்கடை

"கடையில பின் தரல" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். நாங்கள் எண்ணித்தான் கொடுக்கிறோம். ஜாக்கி திரும்பி வரும், பின் வராது. கான்கிரீட்டோடு போயிருக்கும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். இப்போது பின்னைச் சங்கிலி போட்டு ஜாக்கியோடு சேர்த்தே பற்றவைத்துத் தருகிறேன்.

என் கதை சின்னது. திரும்பி வந்த கிளாம்புகள், சாரத்துப் பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பிடிகள், பழசாகத் தெரியக்கூடாது என்று வெள்ளிப் பெயிண்ட் அடித்துவைப்பேன். ஒருநாள் ஒரு கிளாம்பு கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. 'டிங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டொக்' என்றது. பெயிண்டைச் சுரண்டினேன். மூடியின் வளைவில் தலைமுடி போல ஒரு விரிசல். உள்ளே கறுத்த துரு, அதாவது பழைய விரிசல். நான்தான் அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறேன். அதே மூட்டையை இரண்டு சைட்டுக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

வந்ததற்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கிளாம்பில் ஒட்டின சிமெண்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். டீசலில் ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அப்புறம் நட்டை விரலாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் நின்றால் மரை போய்விட்டது, போல்ட்டை மாற்றுங்கள். வளைந்த பைப்பை அடித்து நிமிர்த்தி மறுபடி நிறுத்தாதீர்கள். வளைந்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் துண்டுப் பைப்பாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் பற்றவைத்த பைப்பைக் காலாக நிறுத்தவே கூடாது. துத்தநாகம் பூசின ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைக்கும்போது வெள்ளையாகப் புகை வரும், அது துத்தநாகம். மூடின ஷெட்டில் அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும்தான். பைப்பை மண்ணில் போடாதீர்கள். கட்டை மேல் அடுக்கி ஒரு பக்கம் சாய்வு கொடுங்கள், உள்ளே போன தண்ணீர் வடியட்டும். கடலோரத்தில் குடோன் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை ஒரு பைப்பைக் கவிழ்த்தேன், கடுங்காப்பி மாதிரி தண்ணீர் கொட்டியது. வெளியே தொட்டால் வழவழவென்றுதான் இருந்தது.

பழைய ஜூரோங்

கடைக்கார அண்ணனுக்கு வணக்கம். துருவும் டீசலும் சரிதான். ஆனால் நல்ல சாமானிலேயே விழப்போனவன் நான். சிங்கப்பூரில் சாரத்துக்கென்று 2011-இல் வந்த விதிகளே தனியாக உண்டு. 7 நாளைக்கு ஒருமுறை சாரம் சூப்பர்வைசர் பார்த்தே ஆகவேண்டும்.

பார்த்தார். ஏறலாம் என்கிற பச்சை அட்டை தொங்கியது, தேதியும் புதுசு. மறுநாள் நான் ஏறினேன். மூன்றாவது தட்டில் வாளியைத் தூக்கினதும் சாரம் மொத்தமும் தொட்டில் மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது. நடுவில் குறுக்குப் பைப்பைக் காணோம். டக்ட் உள்ளே போக இடமில்லை என்று ஏசிக்காரர்கள் கழற்றியிருக்கிறார்கள், திருப்பி மாட்டவில்லை. கழற்றின பைப் எங்கே என்றால், தட்டிலேயே கிடந்தது. காலையில் அதன் மேல் உட்கார்ந்துதான் நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

கிளாம்பு இறுக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 50 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி நீட்டி இறுக்குகிற பழக்கத்தை விடுங்கள், மரை போவது அதனால்தான்.

சவுக்குத்தோப்பு

இரும்பு வந்துதான் இத்தனை வம்பு. எங்கள் அப்பா முப்பது வருஷம் சவுக்கிலும் கயிற்றிலுமே சாரம் கட்டினார்.

வாடகைக்கடை

சவுக்கில் யாரும் விழவே இல்லையா?

சவுக்குத்தோப்பு

விழவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? முழுசாகக் கேளுங்கள். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. வெயில் வந்ததும் கொத்தனார்கள் பூச்சு வேலைக்கு ஏறிவிட்டார்கள். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன், பத்து வயது இருக்கும். அப்பா கீழே உட்கார்ந்து, ஒரு கால்கட்டை மண்ணில் இறங்குகிற இடத்தில் பேனாக்கத்தியால் குத்தினார். வாழைத்தண்டில் இறங்குவது மாதிரி பிடிவரைக்கும் போய்விட்டது. மண்ணுக்கு அரை அடி மேலே அதே கட்டை கல் மாதிரி இருந்தது.

மேலே நாலு பேர். அப்பா கத்தவில்லை. நிதானமாக அண்ணாந்து பார்த்து, "எல்லாரும் வாங்கப்பா, டீ வந்திருக்கு. ஒவ்வொருத்தரா இறங்குங்க" என்றார். டீ எதுவும் வரவில்லை. கத்தியை மட்டும் கட்டையிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் மழை நின்றால் கட்டையின் அடியைக் குத்திப் பார்க்காமல் யாரையும் ஏறவிட்டதில்லை. கயிறும் அப்படித்தான். ஒரு வேலைக்குக் கட்டின கயிற்றை அடுத்த வேலைக்குக் கட்டமாட்டார், மாடு கட்டத்தான் அது.

தளம்போட்டவன்

வாடகைக்கடை அண்ணே, சங்கிலி போட்ட பின் நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கம் சங்கிலியையும் அறுத்துவிடுகிறார்கள். என் வண்டி டூல்பாக்ஸில் இப்போதெல்லாம் பத்துப் பதினைந்து பின் கிடக்கிறது. மேடு பள்ளத்தில் போனால் கடகடவென்று சத்தம். வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.