பெரிய உடம்புக்காகவே உருவாக்கிய மாடும் கோழியும்: எதைத் தின்னலாம், எதை விடலாம்?

புல்தரை கேட்டது:

பெல்ஜியன் ப்ளூ காளைகளின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1,100 கிலோவைத் தாண்டும் உடம்பு, பிட்டத்திலும் தோளிலும் சதை மடிப்பு மடிப்பாகப் புடைத்து நிற்கும். இதைப் பற்றி இரண்டு வாதங்கள் காதில் விழுகின்றன. பெரிய விலங்கு ஒன்றைக் கொன்றால் பலருக்குக் கறி கிடைக்கிறது, அதனால் சாகும் உயிர்கள் குறைவு என்பது ஒன்று. இப்படி ஓர் உடம்பை உண்டாக்குவதே கொடுமை என்பது மற்றொன்று. கறி தின்பதையே விட வேண்டுமா என்ற விவாதத்துக்குள் இங்கே போக வேண்டாம். தின்பவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இந்த உடம்பெல்லாம் ஹார்மோன் ஊசியால் வருகிறதா, இனப்பெருக்கத்தால் வருகிறதா?

நான்காம்இரைப்பை:

மாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெல்ஜியன் ப்ளூவின் சதைக்குக் காரணம் ஒரே மரபணுதான். தசை வளர்ந்தது போதும் என்று கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் என்ற புரதத்தை அது உண்டாக்க வேண்டும். இந்த இனத்தில் அந்த மரபணுவின் 11 எழுத்துகள் விடுபட்டிருப்பதால் புரதம் வேலை செய்வதில்லை. 1997இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் காரணம் தெரியாமலேயே பண்ணைக்காரர்கள் பல தலைமுறைகளாகச் சதைப்பிடிப்பான காளைகளைப் பொறுக்கி வந்தார்கள். மற்ற மாடுகளில் 100 கிலோ உயிர் எடைக்கு 55 முதல் 60 கிலோ கறிக்கூடு (தோல், தலை, குடல் நீக்கிய உடல்) கிடைக்கும். இதில் 70 கிலோ வரை கிடைக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், தசை நார்களின் எண்ணிக்கை கருவிலேயே கூடிவிடுகிறது. கன்று அகலமாகத்தான் பிறக்கும். தாயும் அதே இனம் என்பதால் அவளுடைய பிறப்பு வழியோ குறுகலானது. தூய இனத்தில் பத்தில் ஒன்பது கன்றுகள் சிசேரியனில் பிறப்பது வழக்கமாகிவிட்டது.

அறுவை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். பசுவை நிற்க வைத்து, இடது விலாப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, 35 முதல் 40 செ.மீ. நீளத்துக்கு மேலிருந்து கீழாகத் திறப்பார்கள். இடப்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், முதல் இரைப்பை அங்கே இருந்து குடலை வெளியே சரியவிடாமல் தடுக்கும். கருப்பையை வெட்டுவாய் வரை இழுத்துத் திறந்து, கன்றை எடுத்து, கருப்பை, தசை, தோல் என ஒவ்வோர் அடுக்காகத் தைப்பார்கள். கருப்பை நீர் வயிற்றுக்குள் சிந்தினால் வயிற்றுச் சவ்வு அழற்சி வரும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கலாம். உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டால் அடுத்த அறுவை இன்னும் கடினம், சினைபிடிப்பதும் குறையும். அதனால் சில ஈற்றுகளுக்குப் பின் பசுவைக் கழித்துவிடுவார்கள்.

கன்றுக்கும் தனித் தொல்லை உண்டு. சிலவற்றுக்கு நாக்கு பெருத்திருக்கும், காம்பைப் பிடித்துச் சப்ப வராது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், அதாவது 45 கிலோ கன்றுக்கு நாலரை லிட்டர் அளவுக்கு, குழாய் வைத்தாவது உள்ளே போக வேண்டும். தவறினால் நோய் எதிர்ப்பு இல்லாமல் செத்துப்போகும்.

ஆகவே தட்டில் இருக்கும் காளை நன்றாகவே வாழ்ந்திருக்கலாம். விலை கொடுத்தது அதன் தாய். கறியை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் அவளைப் பார்ப்பதே இல்லை, எனக்கு இதில் கோபமே உண்டு.

தீவனக்கணக்கு:

கோழியில் எண்ணிக்கையும் பெரிது, வேகமும் பெரிது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்து மூன்று கோழி வகைகளை ஒரே தீவனத்தில் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது மரபு மட்டுமே. உங்கள் ஹார்மோன் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப்போகும். ஊசி என்றால் 20,000 கோழி உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும், எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாது. (மாட்டிறைச்சியில் நிலைமை வேறு. சில நாடுகளில் காதுத்தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை வைக்க அனுமதி உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை.)

இவ்வளவு வேகத்துக்கு உடம்பின் மற்ற பாகங்கள் ஈடுகொடுப்பதில்லை. தசை கேட்கும் ஆக்சிஜனைக் கொடுக்க முயன்று இதயத்தின் வலப்பக்கம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கால் எலும்பின் வளரும் முனை சரியாக இறுகாமல் நடை தடுமாறும். நடக்காத கோழி கூளத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஈரக் கூளத்தின் அம்மோனியா பாதத்தையும் மூட்டையும் பொசுக்கும். முழுக்கோழி வாங்கும்போது கால் மூட்டில் பழுப்புக் காயம் இருக்கிறதா என்று பாருங்கள், அது வளர்ந்த இடத்தைச் சொல்லிவிடும். நெஞ்சுக்கறி மரம்போல் விறைப்பாக, வெளிறி இருந்தால், உள்ளே நார்கள் செத்து அங்கே தழும்புத் திசு படிந்திருக்கிறது. தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் புரதம் குறைந்து கொழுப்பு கூடியிருக்கும், மெல்லும்போது ரப்பர்போலவும் நறநறவென்றும் இருக்கும்.

நான்காம்இரைப்பை சொன்ன ‘தாய்’ இங்கேயும் உண்டு. பிராய்லர் குஞ்சு சில வாரங்களில் அறுபட்டுவிடும், அதைப் பெறும் தாய்க்கோழி ஓராண்டுக்கு மேல் வாழ வேண்டும். பசிக்குத் தின்னவிட்டால் கொழுத்து முட்டை குறைந்து சாகும். அதனால் வளரும் பருவத்தில், அது தின்னக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே தீவனம் வைக்கிறார்கள். சில பண்ணைகளில் ஒருநாள் விட்டு ஒருநாள். பசி தீராமலேயே வளரும் பறவை அது. இந்தத் தொழிலின் மிக மோசமான பகுதி இதுதான் என்பேன். வான்கோழியில் இன்னொரு படி: அகன்ற மார்பு வெள்ளை இனம் தானாக இணைசேர முடியாது, எல்லாம் செயற்கைக் கருவூட்டல்தான்.

புல்தரை:

அப்படியானால் மெதுவாக வளரும் கோழி வாங்கினால் போதுமா? பெரிய மாடு ஒன்று, சாவு குறைவு என்ற வாதம் என்னவாயிற்று?

தீவனக்கணக்கு:

எண்ணிக்கைக் கணக்கு சரிதான். 400 கிலோ கறிக்கூடு தரும் ஒரு மாட்டுக்கு ஈடாக, 1.8 கிலோ கறி தரும் கோழிகள் சுமார் 220 சாக வேண்டும். ஆனால் அதற்கு மாடு பிரம்மாண்டமாக இருக்க வேண்டியதில்லை. சாதாரண மாட்டுக்கே இந்தக் கணக்கு பொருந்தும். பதிலுக்கு மாடு மீத்தேனையும் நிலத் தேவையையும் கூட்டுகிறது. அதை மறைத்துப் பேச முடியாது.

மெதுவாக வளரும் கோழிக்கும் ஒரு விலை உண்டு. பிரான்சின் லேபல் ரூஜ் என்ற தர முத்திரையின் விதியில் குறைந்தது 81 நாள் வளர்க்க வேண்டும், கொட்டகையில் ஒரு சதுர மீட்டருக்கு 11 பறவைக்கு மேல் கூடாது. சாதாரணக் கறிக்கோழிக்கு ஐரோப்பியச் சட்டத்தின் அடிப்படை வரம்பு சதுர மீட்டருக்கு 33 கிலோ உயிர் எடை, நிபந்தனைகளோடு 42 வரை போகலாம். வேகமான இனத்துக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் போதும். 81 நாள் கோழிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே அளவு கறியை முன்போலவே அடிக்கடி தின்றுகொண்டு கோழியை மட்டும் மாற்றினால் தானியமும் நிலமும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே இதை வாங்குபவர் அளவையும் பாதியாக்க வேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும்.

பொலிகாளை_பதிவேடு:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் பெரிய உடம்பு என்றாலே துன்பம் என்று முடிக்க வேண்டாம். எதைப் பொறுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தாலியின் பியெமொந்தேசே மாட்டிலும் அதே மயோஸ்டேட்டின் மரபணுதான் வேறோர் இடத்தில் பழுதாகியிருக்கிறது. அங்கே கன்று எளிதாக வருகிறதா என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்துக் காளைகளைத் தேர்ந்தெடுத்ததால் சிசேரியன் தேவை வெகு குறைவு. பியெத்ரேன் என்ற சதைப்பிடிப்பான பன்றி இனத்தில் சதையோடு சேர்ந்து, அதிர்ச்சியில் திடீரென்று சாகும் குணமும் வந்தது. 1991இல் அந்த மரபணுப் பிறழ்வு தெரிந்தபின் பரிசோதனை செய்தே அதை மந்தைகளிலிருந்து நீக்க முடிந்தது. எதிர்ப்பக்கம், அமெரிக்க வேளாண் துறை தன் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் செலுத்திய பன்றிகளுக்கு மூட்டுவாதமும் இரைப்பைப் புண்ணும் வந்தன. ஒற்றைக் குணத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போனால் அங்கேதான் போய் நிற்கும்.

மாட்டில் நடைமுறை வழி, ஒரு தலைமுறைக் கலப்பு. கறவைப் பசுவுக்குப் பெல்ஜியன் ப்ளூ சினை ஊசி போட்டால் கன்றுக்குப் பழுதான மரபணு ஒன்றுதான் வரும். சதை நடுத்தரமாகக் கூடும், ஈற்று பெரும்பாலும் தானாகவே நடக்கும். கவனிக்க வேண்டியவை: ஈற்று எளிமையில் நல்ல மதிப்பெண் உள்ள காளையின் விந்து மட்டும், முதல் ஈற்றுக் கிடேரிக்கு வேண்டவே வேண்டாம், கடைசி மாதங்களில் பசுவைக் கொழுக்க விடாதீர்கள். பிறப்பு வழியில் கொழுப்பு படிந்தால் சாதாரணக் கன்றே சிக்கும்.

கலப்பில் பிறந்த கிடேரியை மறுபடி பெல்ஜியன் ப்ளூவுக்குச் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்தால் பாதிக் கன்றுகளுக்கு இரண்டு பழுதான மரபணுக்களும் வந்துவிடும், சிசேரியன் திரும்பும். சந்தேகம் இருந்தால் வால் மயிரை வேரோடு பிடுங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் எத்தனை பிரதி என்று தெரிந்துவிடும். கறி வாங்குபவரும் இதையே கேட்கலாம்: தூய இனமா, கலப்பா? தாய் எப்படி ஈன்றாள்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.