எர்கோனாமிக்ஸ்: ‘பணிச்சூழலியல்’ போதுமா, ‘வாகியல்’ பொருந்துமா?

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கருவிகளையும் இருக்கைகளையும் மனிதரின் உடலுக்குப் பொருந்துமாறு அமைப்பதை ஆராயும் துறையான எர்கோனாமிக்ஸ் என்பதற்குப் ‘பணிச்சூழலியல்’ என்னும் சொல் ஓரளவு வேரூன்றிவிட்டது, இனி அதைத் தொட வேண்டாம் என்று மூத்த அன்பர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானதே. பரவிய சொல்லை ஒவ்வொருவரும் தம் விருப்பத்துக்கு மாற்றத் தொடங்கினால் கலைச்சொல்லாக்கம் என்ற முயற்சியே குலைந்துவிடும். ஆயினும், கால் இயக்கம் குன்றியவர்களுக்குத் தையல் பயிற்சி அளிக்கும் ஓரிடத்துக்காகக் கையேடு எழுதிவரும் எனக்கு, நான்காம் இயலுக்கு வந்ததும் அந்தச் சொல் வழிவிடாமல் நின்றது. அதன் காரணங்களையும், அதற்கு மாற்றாக நான் எண்ணிப் பார்த்த ஒரு சொல்லையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கையேட்டின் முதல் வரைவைப் படித்த பயிற்சியாளர் ஒருவர், ‘பணிச்சூழலியல்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அது வேலையிடத்தின் காற்றோட்டம், தூய்மை, உடன் பணிபுரிவோருடன் பழகும் முறை ஆகியவற்றைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார். அவர்மீது பிழையில்லை. ‘பணிச்சூழல் சரியில்லை’ என்று நாளிதழில் படித்தால் நாம் எல்லோரும் அப்படித்தான் பொருள் கொள்கிறோம். ‘சூழலியல்’ என்பதோ உயிரினங்களுக்கும் அவற்றின் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு உரிய பெயராகப் பாடநூல்களில் உறுதியாகிவிட்டது. இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியின் பருமனையும் பற்றிப் பேசும் ஒரு துறைக்கு இந்த இரண்டு சொற்களின் சேர்க்கை எந்தத் தடயத்தையும் தரவில்லை.

மூலச்சொல்லே ‘பணி’ என்றுதானே தொடங்குகிறது என்று கேட்கலாம். உண்மை. 1857-இல் போலந்து அறிஞர் வோய்ச்செக் யஸ்த்ஷெம்போவ்ஸ்கி, வேலை என்னும் பொருளுள்ள ‘எர்கோன்’, விதி என்னும் பொருளுள்ள ‘நோமோஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இப்பெயரை உருவாக்கினார். அது ஏறக்குறைய மறக்கப்பட்டுப் போய், 1949-இல் பிரிட்டனில் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் துறை தன் பெயரைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. பன்னாட்டு எர்கோனாமிக்ஸ் கழகம் 2000-ஆம் ஆண்டு தந்த வரையறை, மனிதருக்கும் ஓர் அமைப்பின் பிற கூறுகளுக்கும் இடையிலான உறவைப் பற்றிய அறிவு என்றே பேசுகிறது. அங்கே தொழிற்சாலையும் அலுவலகமும் மட்டும் இல்லை. சக்கர நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு ஒருவர் பிறர் துணையின்றி நகர வேண்டுமானால், அந்த இருக்கை நாற்காலியின் உயரத்துக்கு ஏறக்குறைய இணையாக, தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். அருகில் உடல் எடையைத் தாங்கும் கைப்பிடிக் கம்பியும் இருக்க வேண்டும். இது பணியா? இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவரின் நாளில் எந்தப் பணிமேசையையும்விட முதன்மையானது இதுதான்.

இதைவிட ஆழமான மனக்குறை ஒன்று எனக்கு உண்டு. இத்துறையின் தொடக்ககால அளவுகள் பெரும்பாலும் படைவீரர்களின் உடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அளந்தவர்களை வரிசைப்படுத்தி, கீழ்முனையில் நூற்றுக்கு ஐவரையும் மேல்முனையில் நூற்றுக்கு ஐவரையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ளவர்களுக்குப் பொருந்துமாறு வடிவமைப்பது இன்றும் வழக்கத்தில் உள்ள முறை. விடுபட்ட அந்தப் பத்துப் பேருக்காவது வரிசையில் ஓர் இடம் இருந்தது. ஊன்றுகோலுடன் நடப்பவர் அந்த வரிசைக்கு அழைக்கப்படவே இல்லை. ஆனால் அதே படைத்துறையிலிருந்துதான் இதற்கு மறுப்பும் வந்தது. 1950-இல் அமெரிக்க வான்படையின் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்த கில்பர்ட் டேனியல்ஸ், உடலின் 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டி அமைந்தவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டார். கற்பனையான ஒரு சராசரி மனிதருக்காகச் செய்த விமானி அறை, உண்மையில் எவருக்கும் பொருந்தாத அறையாக இருந்தது. இருக்கையையும் மிதிகளையும் அவரவர் உடலுக்கேற்ப நகர்த்திக்கொள்ள முடிய வேண்டும் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. ஆகவே நாம் ஆக்கும் சொல், சூழலிலிருந்தோ பணியிலிருந்தோ தொடங்காமல், தனித்தனியான உடல்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அத்தகைய சொல் ஒன்றை நான் அகராதியில் தேடிக் கண்டெடுக்கவில்லை. என் அக்காவுக்கு இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் செயலிழந்தது. மிதித்து ஓட்டும் தையல் மிஷினில் வலக்கால் ஒன்றாலேயே இருபது ஆண்டுகள் தைத்தார். ஒரு காலால் மிதிக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த இடுப்பை முதுகு இழுத்துப் பிடிக்கும். மாலையில் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கும். பிறகு மோட்டார் பொருத்தப்பட்ட தையல் இயந்திரம் கிடைத்தது. கால் பாதிக்கப்பட்டோருக்கு அதை வழங்கும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மிதிக்கும் உழைப்பு போயிற்று. ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மிதி தரையின் நடுவில் கிடந்ததால், வலக்காலை உள்ளே திருப்பி வைத்துக்கொண்டே நாள் முழுவதும் தைக்க வேண்டியிருந்தது. வலி இடம் மாறியதே தவிர நீங்கவில்லை.

மேசையைச் சரிசெய்ய வந்த தச்சர் அளவு நாடாவை எடுக்கவில்லை. “மொதல்ல நீங்க உக்கார்ற வாகு எனக்குத் தெரியணும்மா, அளவ அப்புறம் எடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு ரவிக்கையைத் தைத்து முடிக்கும் வரை எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிதியை ஒரு சாய்பலகையில் பதித்து வலப்புறம் தள்ளி வைத்தார். இடக்கால் தொங்காமல் ஓய்ந்திருக்க ஒரு கட்டையை அமைத்தார். முக்காலியை எடுத்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலியின் கால்களை வெட்டி உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார். எர்கோனாமிக்ஸ் என்ற சொல்லை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தத் துறையின் அடிப்படைக் கேள்வியை அவர் சரியாகக் கேட்டார், அதற்குத் தமிழில் சொல்லும் வைத்திருந்தார்.

வாகு என்னும் சொல்லின் அருமை அதன் இருமுகப் பொருளில் இருக்கிறது. ‘உடல்வாகு’ என்னும்போது அது ஒருவருடைய உடலின் அமைப்பைக் குறிக்கிறது. ‘கைக்கு வாகாக இருக்கிறது’ என்னும்போது, பொருள் அந்த உடலுக்குப் பொருந்தி நிற்பதைக் குறிக்கிறது. உடலும் பொருத்தமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்க, அதை விட்டுவிட்டு மூன்று சொற்களை ஒட்டிக் கட்டுவது எனக்கு வீண் உழைப்பாகத் தோன்றுகிறது. ஆகவே எர்கோனாமிக்ஸ் துறைக்கு ‘வாகியல்’ என்றும், அதன் வழி அமையும் வடிவமைப்புக்கு ‘வாகமைப்பு’ என்றும், அத்துறை வல்லுநருக்கு ‘வாகியலர்’ என்றும் முன்மொழிகிறேன். பெயரடைக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. ‘வாகான நாற்காலி’, ‘வாகான கைப்பிடி’ என்று மக்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

‘தோது’, ‘வாட்டம்’, ‘இசைவு’ ஆகியவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். தோது பெரும்பாலும் நேரத்தையும் வாய்ப்பையும் குறிக்கிறது. வாட்டம் தச்சர்களும் கொத்தனார்களும் அன்றாடம் புழங்கும் சொல். ஆனால் நீர் வடியும் சரிவு, சோர்வு என்ற பொருள்கள் குறுக்கே வருகின்றன. இசைவு என்பதில் உடன்படுதல் என்னும் பொருள் மேலோங்கி நிற்கிறது. பொருந்தாத பொருளோடு உடன்பட்டு வாழும்படி மாற்றுத்திறனாளிகளை நாம் போதிய காலம் கேட்டுவிட்டோம்.

எழக்கூடிய மறுப்புகளில் சிலவற்றுக்கு என் விடை இது. ‘வீரவாகு’ போன்ற பெயர்களில் தோள் என்னும் பொருளில் வருவது வடசொல் வழி வந்த வாகு. நான் எடுப்பது உடல்வாகிலும் கைவாகிலும் வழங்கும் சொல். ‘வாக்கியல்’ என்று மயங்கும் என்றால், பாகத்தையும் பாக்கத்தையும் மயங்காமல் ஒலிக்கும் நம் நா இதையும் பிரித்தறியும். பேச்சுவழக்குச் சொல் அறிவியலுக்கு ஏற்றதன்று என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மாட்டை முடுக்கியவர்களின் வாயிலிருந்துதான் இயற்பியலுக்கு ‘முடுக்கம்’ கிடைத்தது. ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். வாகு என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்றால் ‘வாகை’ என்றாகி, மரத்தோடும் வெற்றியோடும் கலந்துவிடும். ‘வாகினை’ என்று சாரியை சேர்த்து எழுதுவது இதற்குப் போதும் என்று கருதுகிறேன்.

‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்ற தொடர் இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு என்று கேட்ட அன்பருக்கு: அவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது, இயன்றவரை எல்லோருக்கும் ஒரே பொருள் பயன்படுமாறு செய்வது. சாய்தளம் அதற்கு நல்ல சான்று. சிறு வயதில் போலியோவால் தாக்குண்டு சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் அந்தக் கருத்துக்குப் பெயரிட்டவர். 2006-இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை அதை வரையறுக்கும்போதே, தேவைப்படும் இடங்களில் குறிப்பிட்ட பிரிவினருக்கான துணைக்கருவிகளை அது விலக்கிவிடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2019-இல் வெளிக்கொணர்ந்த ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தாமே எழுந்த நிலைக்கு வரலாம். நீண்டநேரம் அமர்வதால் வரும் அழுத்தப் புண்ணுக்கும் இரத்த ஓட்டக் குறைவுக்கும் அது தீர்வு தேடுகிறது. இது எல்லோருக்குமான பொருள் அன்று. ஆனால் வாகான பொருள்.

இந்த அறிவு நம்மிடம் புதிதாக வந்து சேரவும் இல்லை. அரிவாள்மனையில் கத்தி அசையாது. காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காயை நகர்த்துகிறோம். அதனால் ஒரு கை மட்டும் இயங்கும் ஒருவர்கூட அதில் கத்தரிக்காய் அரிந்துவிட முடியும். மேசைக்கத்தியில் அது கடினம், ஒரு கை காயைப் பிடித்தே ஆக வேண்டும். அதே அரிவாள்மனை, முழங்கால் மடங்காதவருக்குத் தரையில் இருக்கும்வரை பயன்படாது. அதை மேசைமேல் ஏற்றி இறுக்கிப் பொருத்தித் தந்தால் பயன்படும். யாருக்கு வாகு என்று கேட்காமல் ஒரு கருவியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல இயலாது. கடைகளில் ‘எர்கோனாமிக் சேர்’ என்று எழுதி விற்கும்போது, அந்தக் கேள்வியே காணாமல் போய், விலை கூடிய அலுவலக நாற்காலி என்னும் பொருள் மட்டும் எஞ்சுகிறது. அதனால்தான் ஒலிபெயர்ப்பையும் நான் ஆதரிக்கவில்லை.

நான்காம் இயலின் தொடக்கத்தை இப்போது இவ்வாறு மாற்றி எழுதியிருக்கிறேன்: “தைப்பவரின் உடல்வாகு அறிந்து, மேசை, இருக்கை, மிதி ஆகியவற்றை அவருக்கு வாகாக்கும் முறையே வாகியல். முதலில் அவர் தைப்பதைப் பாருங்கள், பிறகு அளவெடுங்கள்.” இந்த வரிகள் படிப்பவருக்கு உடனே விளங்குகின்றனவா, எங்கேனும் இடறுகின்றனவா என்று சொல்லுங்கள். ஈழத்து அன்பர்கள் தங்கள் பக்கத்தில் ‘வாகு’ எப்பொருளில் வழங்குகிறது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும். கையேடு மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் வரும் திருத்தங்கள் அனைத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுப் பணியிலிருக்கும் உங்கள் குழு அன்பர்