வெளிநாட்டு உரிமம் கிடைத்தால் இந்திய உரிமத்தை ஒப்படைக்க வேண்டுமா?

அல்சூர்வாசி:
வெளிநாட்டில் ஓட்டுநர் உரிமம் பெற்றவர் இந்திய உரிமத்தையும் வைத்திருப்பது குற்றம் என்று நம் பெங்களூர்த் தமிழர் குழுவில் நேற்று ஒருவர் எழுதி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகவிருக்கும் ஓர் இளைஞரை வீணாகக் கலங்கடித்துவிட்டார். நான் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டியவன். வந்த 12 மாதங்களுக்குள் சாலை விதிகள் பற்றிய அடிப்படைத் தேர்வை எழுதி அந்நாட்டு உரிமத்தைப் பெற்றேன். என் கர்நாடக அட்டையைச் சரிபார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். குற்றமென்றால் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?

ஜெயநகர் நாலாவது பிளாக்:
எழுதியவன் நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. நடப்பிலுள்ள உரிமம் ஒன்றை வைத்திருப்பவர், பழகுநர் உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வேறு எந்த ஓட்டுநர் உரிமத்தையும் வைத்திருக்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஜெர்மனியில் இந்திய உரிமம் ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதால், நான் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் முடித்து அந்நாட்டு உரிமத்தை வாங்கப் போனேன். அங்கிருந்த அம்மையார் என் இந்திய அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிய பிறகுதான் புதிய அட்டையை நீட்டினார். பதினோரு ஆண்டுகள் சட்டைப்பையில் கிடந்து ஓரம் தேய்ந்த அட்டை அது.

அல்சூர்வாசி:
உங்கள் அட்டையை வாங்கிக்கொண்டது ஜெர்மானியச் சட்டம். அதை இந்தியச் சட்டத்தின் தலையில் கட்டாதீர்கள். எனக்கு ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மைதிலி, இந்திராநகர்:
இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். அதே சட்டத்தின் 2(10) பிரிவு, ‘ஓட்டுநர் உரிமம்’ என்றால் அச்சட்டத்தின் இரண்டாம் அத்தியாயத்தின் கீழ் வழங்கப்பட்ட உரிமம் என்று வரையறுக்கிறது. அப்படியானால் 6-ஆம் பிரிவு வெளிநாட்டு அட்டையைக் குறிக்கிறதா என்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

அல்சூர்வாசி:
வரையறை இருக்கட்டும், மேடம். திருப்பிக் கொடுத்தார்களா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
‘வேறு எந்த உரிமமும்’ என்ற சொற்கள் தெளிவாக இருக்கும்போது வரையறைக்குள் நுழைவானேன்? சென்ற ஆண்டு காப்பீட்டு விவாதத்திலும் அல்சூர்க்காரர் தன் அனுபவத்தையே சட்டமாக்கினார். அன்று நான் விட்டுக்கொடுத்தது தவறு.

மடிவாளா மணி:
எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். துபாய் உரிமத்தோடு ஊர் திரும்பிய என்னை இங்கே ஓர் அலுவலகத்தில், எல்.எல்.ஆர். எடுத்து, எட்டுப் போட்டுக் காட்டினால்தான் உரிமம் என்று மூன்று முறை அலையவிட்டார்கள். செல்லத்தக்க வெளிநாட்டு உரிமமும் உடல் தகுதியும் இருந்தால் ஓட்டுத் தேர்வு தேவையில்லை என்று 9-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அல்சூர்வாசி:
மணி சார், துபாயில் இடப்பக்கம் அமர்ந்து வலப்புறமாக ஓட்டியவர் இங்கே ஒரு முறை எட்டுப் போட்டுக் காட்டுவதில் என்ன குறைந்துவிடும்? சிங்கப்பூர் நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டும் நாடு.

மடிவாளா மணி:
இருபது ஆண்டுகள் லாரி ஓட்டிய கை இது. ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
அந்த இளைஞருக்கு என் யோசனை இதுதான். 1949-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைப்படி நம் ஆர்.டி.ஓ. வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை வாங்கிச் செல்லட்டும், அது ஓராண்டு செல்லும்.

அல்சூர்வாசி:
அந்தப் புத்தகம் கைவசம் உள்ள உரிமத்தைப் பிற நாட்டார் படித்தறிய உதவும் துணை ஆவணம். இந்திய உரிமத்தை ஒப்படைத்துவிட்டால் அதை எதன் பேரில் வாங்குவதாம்? பேச்சை மாற்றாமல் சொல்லுங்கள், எனக்கு ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?

ஜெயநகர் நாலாவது பிளாக்:
கொடுத்தவர்களைப் போய்க் கேளுங்கள். 6-ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

அல்சூர்வாசி:
என் இரண்டு அட்டைகளும் அப்படியேதான் இருக்கின்றன.