ஏல அறிவிப்பும் ஆங்கிலப் பாடம்தானா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை, பத்தாம் வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம் மதிய உணவு இடைவேளையில் மாணவி ஒருத்தி, நான்காக மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டி, "மிஸ், இதுல என்ன எழுதியிருக்குன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள். அவள் தாயார் ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்த சங்கிலி குறித்து வந்திருந்த ஏல அறிவிப்பு அது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கட்டவேண்டிய தொகை ஒரு பத்தியிலும், கடைசித் தேதி இன்னொரு பத்தியிலும், தவறினால் நகை ஏலம் விடப்படும் என்ற வரி அடியில் பொடி எழுத்திலும் கிடந்தன. அந்தப் பெண் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியில் ஒருநாளும் தவறு விட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு, 'வில் பி ஆக்‌ஷன்ட்' என்ற சொற்கள் தன் தாயின் கழுத்துச் சங்கிலியைப் பற்றியவை என்று விளங்கவில்லை.

தாயாரின் சம்மதத்தோடு, பெயரையும் எண்களையும் நீக்கிவிட்டு, அக்கடிதத்தை மறுநாள் கரும்பலகையில் எழுதி, "ஏலம் விடப்போவது யார்?" என்று வகுப்பைக் கேட்டேன். வரிவரியாகத் தேடியும் அவர்களுக்கு ஆள் அகப்படவில்லை. "ஆளே இல்லாம ஏலம் நடக்குது மிஸ்" என்றான் கடைசி வரிசைப் பையன் ஒருவன். செயப்பாட்டுவினை எதற்குப் பயன்படுகிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் இவ்வளவு தெளிவாக உணர்த்தியதே இல்லை.

ஆனால் அது கவிதைக்கு ஒதுக்கியிருந்த பாடவேளை. ஆகவே உங்களைக் கேட்கிறேன்: அறிவிப்பு, காப்பீட்டுப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், வங்கியின் குறுஞ்செய்தி போன்றவற்றுக்கும் கதை, கவிதைகளோடு ஆங்கிலப் பாடத்தில் இடம் தரலாமா?

பதில்: ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர், மதுரை

அம்மா, நீங்கள் செய்தது நல்ல காரியம். ஆயினும் அதைப் பாடத்திட்டமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். நம் பத்தாம் வகுப்பு வினாத்தாளில் விளம்பரம், அறிவிப்பு, கடிதம், வரைபடம் பார்த்து வழி சொல்லுதல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அவை என்ன ஆயின? பிள்ளைகள் ஒரு பெட்டி போட்டு, மேலே கடையின் பெயர், நடுவில் தள்ளுபடி, கீழே முகவரி என்று எழுதிவிடுகிறார்கள். துணிக்கடையானாலும் கணினிக் கடையானாலும் பெட்டி மாறுவதில்லை. உங்கள் ஏல அறிவிப்பைப் புத்தகத்தில் சேர்த்தால், அடுத்த ஆண்டே அதற்கும் நோட்ஸ் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்களும் ஒன்றாக்கப்பட்டன. அந்த ஒரே தாளுக்குள் உரைநடை, கவிதை, துணைப்பாடம், இலக்கணம் ஆகிய நான்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. புதிதாக எது நுழைந்தாலும் முதலில் வெளியேறுவது கவிதையாகத்தான் இருக்கும். ஏல அறிவிப்பு அந்தக் குழந்தையின் வீடு தேடி வரும், கவிதை வராது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளை ஆங்கிலக் கவிதை ஒன்றை வாய்விட்டுப் படிக்க நம் வகுப்பறையை விட்டால் வேறு இடம் ஏது?

பதில்: ஆங்கில ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா அஞ்சுவது எங்கள் அனுபவத்துக்குப் பொருந்துகிறது. இலங்கையில் உங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் எல்லா மாணவரும் எழுதும் ஆங்கில வினாத்தாள் பெரும்பாலும் அறிவித்தல், குறுஞ்செய்தி, படவிவரணம், வரைபு விளக்கம் என்று அன்றாடத் தேவையைச் சார்ந்தது. ஆங்கில இலக்கியம் விரும்பியவர் மட்டும் தெரிவுசெய்யும் தனிப்பாடமாக இருக்கிறது. ஏற்பாடு ஒழுங்கானதுதான். ஆனால் நான் கற்பிக்கும் சிறிய பாடசாலையில் அப்பாடத்தை இதுவரை ஒரு பிள்ளைகூடத் தெரிவுசெய்யவில்லை. வீட்டில் ஆங்கிலம் புழங்குகின்ற பிள்ளைக்கே அது உரியது என்று பெற்றோரே முடிவுசெய்துவிடுகின்றனர். இரண்டையும் ஒரே வகுப்புக்குள் வைத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதில்: இடைநிலைப் பள்ளி ஆசிரியை, இலண்டன்

இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் ஆங்கில மொழியும் ஆங்கில இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள். ஷேக்ஸ்பியர் நாடகமும் 19ஆம் நூற்றாண்டு நாவலும் இலக்கியத்தில் வருகின்றன. நான் சொல்ல வந்தது மொழித்தாளைப் பற்றி. எங்கள் மாணவர்கள் எழுதும் ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் இரண்டாம் தாளில், 19ஆம் நூற்றாண்டின் கட்டுரையோ கடிதமோ போன்ற ஒரு புனைவல்லாத பகுதியும், அதே பொருளைப் பற்றிப் பிற்காலத்தவர் எழுதிய ஒரு பகுதியும் அருகருகே தரப்படும். இருவரும் அப்பொருளை எப்படிப் பார்க்கிறார்கள், அதற்கு எந்தச் சொற்களைத் தேர்ந்தார்கள் என்று ஒப்பிட்டு எழுதவேண்டும். அந்தப் பகுதிகள் மாணவர் அதுவரை காணாதவை. ஆகவே மதுரை ஐயா சொல்லும் 'பெட்டி' இங்கே உதவாது. முன்பின் பார்த்திராத ஒன்றை யாரும் மனப்பாடம் செய்ய முடியாதல்லவா? புத்தகத்தில் அச்சிட்ட ஏல அறிவிப்பு ஒரே ஆண்டில் செத்துவிடும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் அது சாகாது.

பதில்: வங்கி ஊழியர், திருச்சி

நான் ஆசிரியன் அல்லன். ஒரு தகவலைச் சொல்லவேண்டியே எழுதுகிறேன். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கடன் வாங்கியவருக்கு அனுப்பும் தகவல்கள் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் சொல்கின்றன. எனவே அந்தத் தாயார் தமிழில் கேட்டு வாங்கலாம். நீங்கள் வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள் அல்லவா? இந்த ஒரு கடிதத்தை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.

பதில்: கேள்வி கேட்ட ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. திருச்சி அன்பர் சொன்னபடி, அந்த மாணவி ஏழு வரியில் ஆங்கிலக் கடிதம் ஒன்றை எழுதினாள். 'டு' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' வரை அமைப்பு முழுவதும் அவளுக்கு முன்பே மனப்பாடம். நடுவில் என்ன எழுதுவது என்பதற்குத்தான் முக்கால் மணி நேரம் பிடித்தது. 'வேண்டுகிறேன்' என்று எழுதுவதா, 'கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுவதா என்று என்னோடு வாதாடினாள். முடிவில், "இது நமக்கு உரிமைதானே மிஸ்" என்று சொல்லிவிட்டு இரண்டாவதையே வைத்துக்கொண்டாள்.

மதுரை ஐயாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். தள்ளிப்போன அந்தக் கவிதையை அடுத்த நாள் எடுத்தேன். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள கிப்ளிங்கின் இயந்திரங்கள் பற்றிய கவிதை அது. எங்களுக்கு அன்பு காட்டவோ இரங்கவோ மன்னிக்கவோ தெரியாது, எங்களைக் கையாள்வதில் தவறினால் நீங்கள் மடிவீர்கள் என்று இயந்திரங்களே அதில் பேசும். அந்த இடம் வந்ததும், "அந்த லெட்டர் மாதிரியே பேசுது" என்றாள் ஒருத்தி. கடைசி வரிசைப் பையன் உடனே மறுத்தான்: "இல்ல மிஸ், இது 'நாங்க'ன்னாவது சொல்லுது. லெட்டர்ல அதுகூட இல்ல." அந்தக் கவிதையை இதுவரை பலமுறை நடத்தியிருக்கிறேன். 'நாங்கள்' என்ற அந்தச் சொல்லின்மேல் ஒரு மாணவன் வந்து நின்றது இதுவே முதல் தடவை. ஏல அறிவிப்பைப் படித்திராவிட்டால் அவன் அங்கே நின்றிருக்க மாட்டான் என்றே நம்புகிறேன்.

ஆகவே கவிதைப் பாடவேளையை இனி எடுக்கமாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூலகப் பாடவேளையில், பிள்ளைகள் முன்பு பார்த்திராத தாள் ஒன்றைக் கொண்டுபோவேன்; அதற்கு மதிப்பெண் கிடையாது. அடுத்தது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள். அதன் எழுத்து எறும்பளவுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பிள்ளைகளுக்கும் பெரிதாக்கி நகல் எடுத்துவிட வேண்டும்.