நெரிசலில் மட்டும் சூடேறும் பழைய புரோட்டோன் சாகா கார்

கேள்வி (பினாங்கு):
வணக்கம். அப்பா விட்டுச்சென்ற 1988ஆம் ஆண்டு புரோட்டோன் சாகாவை, கார்புரேட்டர் பொருத்திய அதே 1.3 லிட்டர் எஞ்சினோடு இன்றும் ஓட்டி வருகிறேன். பாலத்தில் செல்லும்போது வெப்ப முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆயர் ஈத்தாம் நெரிசலில் பத்து நிமிடம் நின்றாலோ சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும்படி ஒரு மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில் (கிள்ளான்):
வேண்டாம், தம்பி. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் மேல் விழுவதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். எஞ்சினை அணைத்து, விசிறியின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டாரில் பழுதில்லை. அப்படியானால், சூடேறியதும் விசிறியை ஓடவைக்கும் வெப்ப சுவிட்சையும், விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயையும் சோதியுங்கள். என் காரில் சுவிட்சின் முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் விசிறி ஓடத் தொடங்கியது.

பதில் (செந்தூல்):
தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். சந்தேகமிருந்தால் அதை நூலில் கட்டி, சூடேறும் நீரில் தொங்கவிடுங்கள். அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையில், பெரும்பாலும் 82 அல்லது 88 பாகையில், அது திறக்கத் தொடங்க வேண்டும். குழாய் நீரை மட்டும் ஊற்றி ஓட்டிய கார் என்றால் ரேடியேட்டருக்குள் துரு படிந்திருக்கும். கழுவிவிட்டு, துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணா. நேரடி மின்சாரத்திலும் விசிறி அசையவில்லை. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் முற்றிலும் தேய்ந்திருக்கிறது.